கடல் கடந்த கல்வி: பரிமாற்ற மாணவரின் அன்றாட வாழ்வும் நம் கடமையும்

(வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நம் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



அல்லாஹ்வைப் புகழ்ந்தும், அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துக் கூறியும் தொடங்குகிறோம்.



இந்த மலையில் காப்பித் தோட்டத்தையும் மிளகுக் கொடியையும் கடைத்தெரு வியாபாரத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் நம்முடையவை. சேலத்துக்கு இறங்கிப் படித்துவிட்டு வந்தாலே பெரிய படிப்பு என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று நம் பிள்ளைகள் ஜெர்மனி என்கிறார்கள், பிரான்சு என்கிறார்கள், போலந்து என்கிறார்கள். "ஆறு மாதம் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் அத்தா" என்று மகன் சொல்லும்போது தந்தைக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. அங்கே என்ன உண்பான், எங்கே உறங்குவான், எப்படித் தொழுவான், எவரோடு பழகுவான் என்ற கேள்விகள் எழுகின்றன. அவை அனைத்தும் நியாயமானவை. அவற்றுக்கு அறிந்த வரையில் விடை கூறவும், ஜமாஅத் என்ற முறையில் நம் கடமை யாது என்று சிந்திக்கவும் இந்த நேரத்தைப் பயன்படுத்துவோம்.

பரிமாற்ற மாணவர் என்பவர் யார்?

வெளிநாட்டில் படிக்கும் எல்லோரும் பரிமாற்ற மாணவர் அல்லர். அங்கேயே சேர்ந்து பட்டம் பெறுபவர் ஒரு வகை. தன் தாய்க் கல்லூரியில் பெயர் இருக்கும்போதே, இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தின் பேரில் ஒரு செமஸ்டரோ இரண்டு செமஸ்டரோ அயல்நாட்டில் பயின்று, அங்குப் பெற்ற மதிப்பெண்ணைத் தன் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொள்பவரே பரிமாற்ற மாணவர். பட்டம் தருவது தாய்க் கல்லூரிதான். ஒப்பந்தம் இருக்குமானால், பெரும்பாலும் போகும் இடத்தில் தனியாகக் கல்விக் கட்டணம் கேட்கமாட்டார்கள்.

ஐரோப்பாவில் இம்முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது எராஸ்மஸ் திட்டம். 1987-இல் 11 நாடுகளும் 3,244 மாணவர்களுமாகத் தொடங்கிய அத்திட்டம், பின்னர் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளின் மாணவர்களுக்கும் கதவைத் திறந்தது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிமுறைகள், இந்தியக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடு இணைந்து பாடம் நடத்த வழி செய்துள்ளன.

அங்கே பாடத்தைக் 'கிரெடிட்' என்ற அளவையால் அளக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் அதில் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியது நூலகத்திலும் அறையிலும் தனியாகப் படிக்க வேண்டியது. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமே வகுப்பு என்று கேட்டு, "பாதி நாள் விடுமுறைதானே" என்று எண்ணும் மாணவர் செமஸ்டர் முடிவில் தடுமாறுவார்.

புறப்படுமுன் கைக்கொள்ள வேண்டிய காகிதங்களில் தலையாயது படிப்பு ஒப்பந்தம். எந்தெந்தப் பாடங்களை அங்கே படிப்பது, அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாகும் என்பதை மாணவர், தாய்க் கல்லூரி, அயல்நாட்டுக் கல்லூரி ஆகிய மூவரும் ஒப்பமிட்டு உறுதி செய்யும் ஆவணம் அது. அது சரியாக இல்லையெனில் அங்கே எழுதிய தேர்வை இங்கே மறுபடியும் எழுத நேரிடும். ஆகவே பெற்றோர் விமானச் சீட்டைக் கேட்பதற்கு முன் இந்த ஒப்பந்தத்தைக் கேட்க வேண்டும்.

பயணம் நமக்குப் புதிதன்று

கல்விக்காக ஊர் விட்டு ஊர் செல்வது நம் சமுதாயத்தின் பழைய வழக்கம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்று, பக்தாது கண்டு, எகிப்தில் மறைந்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதினாறு வயதளவில் தம் தாயாரோடும் தமையனாரோடும் புகாராவிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். கடமை முடிந்ததும் தாயாரும் தமையனாரும் ஊர் திரும்பினர். மகனார் கல்விக்காக அங்கேயே தங்கினார்கள். கைபேசி இல்லை, கடிதமும் மாதக் கணக்கில் வரும். அந்தத் தாயின் நெஞ்சுரத்தை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் 'ரிவாக்' என்ற தங்குமிடங்கள் இருந்தன. மக்ரிபு நாட்டாருக்கு ஒன்று, ஷாம் நாட்டாருக்கு ஒன்று, ஜாவாத் தீவினருக்கு ஒன்று எனப் பிரித்து, தூர தேசத்து மாணவருக்கு இடமும் ரொட்டியும் வழங்கினார்கள். இன்றைய மாணவர் விடுதிக்கு அது முன்னோடி எனலாம். நமக்கு அண்மையில் உள்ள வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவுக்கு இலங்கையிலிருந்தும் மலாய் நாட்டிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதிச் சென்றார்கள். நம் சோற்றையும் குழம்பையும் உண்ணப் பழகி, நம் மொழியில் சில சொற்களையும் கற்றுக்கொண்டே அவர்கள் கப்பல் ஏறியிருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஏற்காட்டையே பாருங்கள். மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து எத்தனை ஊர்ப் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து இம்மலையின் விடுதிகளில் தங்கிப் படித்திருக்கிறார்கள்! பிள்ளையை விட்டுவிட்டு இறங்கும் பெற்றோர் ஏரிக்கரையில் கண் துடைத்துக்கொண்டு நிற்பதை நம் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பிறர் பிள்ளைகளுக்கு நாம் அயலூராக இருந்திருக்கிறோம். இப்போது நம் பிள்ளைகளுக்கு ஓர் அயலூர் வருகிறது.

நாம் பிழைப்பு நடத்தும் காப்பியும் பயணத்தின் பரிசே. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்கப் பருகிய பானம் அது. ஹஜ்ஜுக்குச் சென்ற பாபா புதன் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதனை நம் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். போனவர் வெறுங்கையோடு திரும்பாததால் விளைந்த பயன் இது.

ஈரோட்டில் பிறந்தவர் கண்ட கேம்பிரிட்ஜ்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழரின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது என்பதற்கு, பதிவாகியுள்ள சிறந்த சான்று கணித மேதை இராமானுஜன் அவர்களின் வரலாறு. இன்றைய பொருளில் அவர் பரிமாற்ற மாணவர் அல்லர். ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித் தொகையில் கேம்பிரிட்ஜ் சென்று பயின்றவர். 1887-இல் நம் அண்டை ஊராகிய ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறி, ஏப்ரலில் இலண்டன் அடைந்தார்.

அவருடைய கணக்கைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை. அவருடைய அறையைப் பற்றிப் பேசலாம். அப்போது கேம்பிரிட்ஜில் பயின்ற மகாலனோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றபோது, அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். இரவில் மேலங்கியும் சால்வையும் போர்த்தே உறங்குவதாகச் சொன்னார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. அவற்றை விரித்துக் கட்டிலோடு செருகி வைத்திருந்தார்கள். அவற்றின் உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. உலகம் வியக்கும் அறிவாளி, கம்பளியின் மேல் படுத்துக் குளிரில் வாடினார். சொல்லிக் கொடுக்க ஒருவர் இல்லாததே காரணம்.

அவர் மரக்கறி உணவினர். தம் கொள்கைக்காகக் கல்லூரி உணவுக் கூடத்தைத் தவிர்த்துத் தாமே சமைத்து உண்டார். முதல் உலகப் போர் மூண்டதும் காய்கறிகள் அரிதாயின. இரவும் பகலும் ஆராய்ச்சி, நினைத்த நேரத்தில் ஒரு வேளைச் சமையல், உடன் உண்ண ஆள் இல்லை. ஒருமுறை நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையால் ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கி உண்டவர்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. நான்கு நாள்களுக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுன் பணம் கேட்டுத் தந்தி வந்தது. தம் சமையலை இகழ்ந்துவிட்டார்கள் என்று மனம் நொந்து வெளியேறியிருக்கிறார். கேட்பதற்கு இது சிறு செய்தி. தனிமையில் உழலும் மனத்துக்குச் சிறு செய்தி என்று எதுவும் இல்லை.

வீட்டுச் சூழலும் துணை நிற்கவில்லை. மாமியார் மருமகள் பிணக்கால் கணவன் மனைவிக்கிடையே கடிதங்கள் ஒழுங்காகச் சென்று சேரவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1917-இல் உடல் நலிந்தது. 1918-இல் இலண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரும் சிறப்பும் கிட்டியது. புகழ் உச்சியில் இருந்தபோதே உள்ளம் அடியில் கிடந்தது. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் சமயம் வேறு. ஆயினும் தம் உணவு நெறியை விட்டுக்கொடுக்காமல் அயல்நாட்டில் வாழ முயன்ற அவருடைய சிரமம் நம் பிள்ளைகளின் சிரமமே. அவருக்கு வாய்க்காத மூன்றை நாம் நம் பிள்ளைகளுக்குத் தர முடியும்: முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தல், உடன் உண்ணத் துணை, வீட்டாரின் இடைவிடாத அன்பு. இந்த உரையின் சாரம் இந்த மூன்றுதான்.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

ஜெர்மனியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. டிசம்பர்ப் பனிமூட்டத்தைக் கண்ட நம் மலைப் பிள்ளைகள், "குளிர் எங்களுக்குப் பழக்கம்" என்பார்கள். நம் குளிரில் தண்ணீர் உறைவதில்லை, அங்கே உறையும். கம்பளியின் உள்ளே படுப்பது முதல் காதை மூடுவது வரை அனைத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது வெட்கமன்று.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைக்காதவர் ஞாயிறன்று பட்டினி. குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், உணவுக் கழிவு என்று பிரித்துப் போட வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தண்ணீர்ப் புட்டி ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடித்து, வெறும் புட்டியைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மிம்பரில் நாம் பேசுவதை அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அதனைப் பேணாத முஸ்லிம் மாணவர் தன் மார்க்கத்துக்கும் சேர்த்தே அவப்பெயர் தேடித் தருகிறார்.

விடுதியில் அறை தனியாக இருக்கலாம். சமையலறை ஐந்தாறு பேருக்குப் பொதுவாக இருக்கும். நாம் கடுகு தாளித்து மிளகாய் வதக்கினால் எழும் புகையில் கூரையிலுள்ள அபாய மணி அலறும். ஒருமுறை அலறினால் கட்டடமே வெளியே வந்து நிற்கும். ஆகவே சன்னலைத் திறந்து, தீயைக் குறைத்து, மூடி போட்டுத் தாளிக்கப் பழக வேண்டும். தன் சட்டியைத் தானே கழுவி வைக்க வேண்டும். வீட்டில் உண்ட தட்டை எடுத்து வைத்தறியாத ஆண் பிள்ளைகளுக்கு இது முதல் தேர்வு. தாய்மார்களே! பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே மகனைச் சமையலறைக்குள் அழையுங்கள். சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு, கோழிக் குழம்பு ஆகிய நான்கும் தெரிந்தால் பிழைத்துக்கொள்வான்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இராது. காகிதம் மட்டுமே இருக்கும். ஒரு சிறு குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நலம். பொதுக் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி ஒளூச் செய்வதைக் கண்டு பிறர் முகம் சுளிப்பதுண்டு. அறையிலேயே ஒளூச் செய்துகொள்வதும், தரையில் தெறித்த நீரைத் துடைத்துவிட்டு வருவதும் நம் மரியாதையைக் காக்கும்.

வகுப்பறையில் மாணவர் கேள்வி கேட்பதை ஆசிரியர் எதிர்பார்க்கிறார். வாய் திறக்காதிருப்பதை அடக்கம் என்று அங்கே கொள்வதில்லை. பாடம் படித்து வரவில்லை என்றே கருதுவார்கள். மத்ரஸாவில் ஓதிய நமக்கு இது அன்னியமாகத் தோன்றவில்லை. அங்கே மாணவரே இபாரத்தை வாசிப்பார், உஸ்தாது விளக்குவார், மாணவர் மறுத்துக் கேட்பார், இரவில் மாணவர்கள் கூடித் தக்ரார் செய்வார்கள். பிறர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுத்தெழுதினால் அந்தப் பல்கலைக்கழகங்கள் தேர்விலிருந்தே நீக்கக்கூடும். இதனையும் நம் மரபைக் கொண்டு எளிதில் விளங்கலாம். ஒரு செய்தியை யாரிடமிருந்து கேட்டோம், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று சங்கிலியாகச் சொல்லும் இஸ்னாதைக் கண்ணெனப் போற்றிய சமுதாயம் நாம். சொன்னவர் பெயரை மறைப்பது நமக்கு அடுக்குமா?

தொழுகையும் உணவும்

ஏற்காட்டில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வேறுபாடு கூட இல்லை. பெர்லினில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். டிசம்பரில் ஏழரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். டிசம்பரில் பகல் 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ளுஹர் நுழைந்து, அஸர் நுழைந்து, மஃரிபும் வந்துவிடும். வகுப்பு அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதனையும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோடையில் சில வாரங்களுக்கு அந்தி வெளிச்சம் முழுதும் மறையாததால் இஷா, ஃபஜ்ரு நேரங்களைக் கணிப்பது பற்றி உலமாக்கள் பல வழிமுறைகளைக் கூறியுள்ளனர். மாணவர் தாமாக ஒன்றை வகுத்துக்கொள்ளாமல் அவ்வூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுவதே போதுமானது. கிப்லா நம் ஊரில் மேற்கு, அங்கே தென்கிழக்கு.

"நான் முஸாபிர்தானே, கஸ்ராகத் தொழலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஒரே ஊரில் தங்கும் எண்ணம் ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள்களையும், ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு முழு நாள்களையும் எட்டினால் அவர் முகீம். ஆறு மாதம் தங்கிப் படிப்பவர் முழுமையாகத் தொழ வேண்டியவரே. நோன்புக்கும் இதுவே விதி. இன்ஷா அல்லாஹ், இனிவரும் சில ஆண்டுகளில் ரமலான் குளிர்காலத்தில் அமைவதால் ஐரோப்பாவில் நோன்பின் நேரம் நம் ஊரை விடக் குறைவாகவே இருக்கும். 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு ரமலான்கள் தொடங்கும்.

உணவைப் பொறுத்தவரை, 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு செய்த தொழிலாளர் ஒப்பந்தத்தால் குடியேறிய துருக்கியரின் ஹலால் கடைகள் பெரும்பாலான நகரங்களில் உள்ளன. ஈழப் போரால் இடம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்களின் கடைகளில் கறிவேப்பிலையும் புளியும் இடியாப்ப மாவும் கிடைக்கும். பொட்டலங்களின் மேலுள்ள குறியீடுகளை வாசிக்கப் பழக வேண்டும். ஈ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். ஈ471 தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும். ஐயம் எழுந்தால் காய்கறி, மீன், முட்டை ஆகியவற்றுக்குத் திரும்பிவிடுவது எளிய வழி. மது பரிமாறும் விருந்துக்கு அழைத்தால், "நான் அருந்துவதில்லை" என்று புன்னகையோடு ஒருமுறை சொன்னால் போதும். மறுமுறை யாரும் வற்புறுத்துவதில்லை. அவர்களை இழித்துப் பேச நமக்கு உரிமை இல்லை. நம் சமையலறைக்கு அவர்களை அழைத்து ஒரு தட்டு நெய்ச்சோறு தருவது நூறு வாதத்தை விடச் சிறந்தது.

பணம் என்னும் சோதனை

ஜெர்மனி செல்லும் மாணவர் தம் செலவுக்குப் பணம் உண்டு என்பதை விசாவுக்கு முன் காட்ட வேண்டும். முடக்கக் கணக்கில் வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். உதவித் தொகை பெறுவோருக்கு அதுவே சான்றாகும். பகுதி நேர வேலைக்கும் வரம்பு உண்டு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள். வரம்பை மீறி வேலை செய்தால் விசாவே பறிபோகும். அரசின் அனுமதியோடு நுழைந்தவர் அதன் நிபந்தனையைக் காப்பது வாக்குறுதியைக் காப்பதாகும்.

இதற்காக வீட்டு நகைகளை அடகு வைப்பதும், வட்டிக்குக் கடன் வாங்குவதும் நம்மிடையே நடக்கிறது. பிள்ளை படிக்கச் செல்கிறான், குடும்பம் கடனில் மூழ்குகிறது. வட்டியின் கேட்டை இந்த மேடையில் மீண்டும் விளக்க வேண்டியதில்லை. மாற்று வழியைக் காட்டாமல் தடுப்பது மட்டும் போதுமா என்பதையே ஜமாஅத்தார் சிந்திக்க வேண்டும். அழகிய கடன் வழங்கும் சிறு நிதியொன்றை நம் பைத்துல்மாலில் தனிக் கணக்காக வைத்து, படித்து வேலைக்குச் சென்றவர் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு அது பயன்படும். முன்பணத்துக்கும் விமானச் சீட்டுக்கும் வட்டியின்றிக் கிடைத்தாலே பாதி வீடுகளின் நகை பெட்டியில் இருக்கும்.

'நல்லா இருக்கேன்' என்னும் சொல்

ஒரு தாய் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் நின்று நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பையன் தினமும் போன் பண்றான். 'சாப்பிட்டியா'ன்னா 'சாப்பிட்டேன்'ங்கறான், 'நல்லா இருக்கியா'ன்னா 'நல்லா இருக்கேன்'ங்கறான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். எனக்குப் பயமா இருக்கு."

அந்தத் தாயின் அச்சம் அறிவுள்ள அச்சம். அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பேச ஆள் இல்லை. முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்திருக்கலாம். வீட்டார் இவ்வளவு செலவு செய்திருக்க, கஷ்டம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நாம் கேட்கும் கேள்வியும் ஒரு சொல்லில் விடை தரும் கேள்வியாக இருக்கிறது. "இன்று என்ன சமைத்தாய்? யாரோடு உண்டாய்? பக்கத்து அறைப் பையன் எந்த ஊர்? எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து தனியாகவே உண்டான் என்று தெரிந்தால் கவனியுங்கள். அந்தத் தாய்க்கு நாம் சொன்னதும் இதுவே. இந்திய நேரம் அவர்கள் நேரத்தை விடக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நான்கரை மணியும் முந்தியது. நீங்கள் உறங்கப்போகும் பத்து மணிக்கு அவனுக்கு மாலை ஐந்தரை. வகுப்பு முடிந்து, இருட்டிய அறைக்குத் திரும்பும் நேரம் அது. அந்த நேரத்தில் பேசுங்கள்.

மாணவர்களே! உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வகுப்புக்குப் போக மனமின்றிப் போனால் அதனை ஈமானின் குறை என்று எண்ணி மறைக்காதீர்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்க்கென்றே மனநல ஆலோசகர் இருக்கிறார். பாதியில் திரும்பி வர நேர்ந்தாலும் வீடு திறந்திருக்கும் என்பதைப் பெற்றோர் புறப்படும் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

ஜமாஅத்தின் கடமை

முதலாவது, நாவடக்கம். ஒரு பிள்ளை வெளிநாடு சென்றதும் "அவன் கெட்டுப்போய்விட்டானாம்" என்று தேநீர்க் கடையில் கதை கட்டுவோர் உண்டு. பெண் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். பெண் தனியே நெடுந்தூரம் பயணிப்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை அவள் பெற்றோர் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வார்கள். தங்குமிடம், துணை, பாதுகாப்பு ஆகியவற்றை மகளுக்கு எவ்வளவு விசாரிக்கிறோமோ அவ்வளவு மகனுக்கும் விசாரிக்க வேண்டும். ஒழுக்கம் இருபாலாருக்கும் பொது. வதந்தி பரப்புவதற்கு எந்த மத்ஹபிலும் அனுமதி இல்லை.

இரண்டாவது, முன்னே சென்றவரையும் இனிச் செல்பவரையும் இணைத்தல். கம்பளியின் உள்ளே படுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும் அல்லவா? திரும்பி வந்த மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை இங்கே அமர்ந்து, இறங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டியவற்றை இளையவர்களுக்கு விளக்கட்டும்.

மூன்றாவது, திரும்பி வருபவரை வரவேற்றல். அப்துல் கலாம் அவர்கள் 1963-இல் அமெரிக்காவின் நாசா நிலையங்களில் பயிற்சி பெறச் சென்றார்கள். அங்கே வாலப்ஸ் தீவில், திப்பு சுல்தான் படையினர் ஏவுகணை செலுத்தும் ஓவியம் மாட்டியிருப்பதைக் கண்டு வியந்தார்கள். நாம் மறந்ததை அயலார் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் திரும்பிய பின், அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. பயின்றதை ஊருக்குக் கொண்டுவர இடம் இருந்தது, கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைகள் திரும்பும்போது, "எத்தனை யூரோ கொண்டுவந்தாய்?" என்று கேட்காமல், "என்ன கற்றுவந்தாய், யாருக்குக் கற்றுத் தருவாய்?" என்று கேட்போமாக.

நான்காவது, இங்கே வந்து தங்கிப் படிக்கும் அயலூர்ப் பிள்ளைகளைக் கவனித்தல். எந்தச் சமயத்தவராயினும் சரி. பெருநாளன்று ஒரு பிள்ளை விடுதியில் தனித்திருந்தால், அவனுக்கும் நம் வீட்டில் ஓர் இலை போட வேண்டும். நம் பிள்ளைக்கு எங்கோ ஒரு வீட்டில் தட்டு வைக்கப்பட வேண்டும் என்று துஆச் செய்யும் நாம், அதனை இங்கிருந்தே தொடங்குவோம்.

யா அல்லாஹ்! கல்வியைத் தேடிப் புறப்படும் எங்கள் பிள்ளைகளின் உடலையும் ஈமானையும் உள்ளத்தையும் காப்பாயாக. அவர்களைப் பயனுள்ள கல்வியோடு எங்களிடம் திருப்பித் தருவாயாக. காத்திருக்கும் பெற்றோருக்குப் பொறுமையையும், அவர்களுக்குத் துணை நிற்கும் மனத்தை எங்கள் ஜமாஅத்துக்கும் அருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.